முப்பத்து மூன்று காலைகள்

சங்கத்தின் திங்களிதழுக்கு ஏதேனும் எழுதித் தருமாறு ஆசிரியர் என்னைப் பன்முறை கேட்டதுண்டு. பெங்களூருக்கு நம்மவர் குடியேறிய கதை, பழைய கண்டோன்மென்ட் நாட்கள், ஆஸ்டின் டவுன் பந்து மைதானம் என்று அவரே தலைப்பும் கொடுப்பார். சென்ற திங்கள் அவர் கேட்டது வேறு. "ஐயா, உங்கள் நோயைப் பற்றி எழுதுங்கள்" என்றார். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்கின்றேன் என்று வந்துவிட்டேன்.

எங்கள் தெருவில் அந்நோயின் பெயரை எவரும் சொல்வதில்லை. புற்றுநோய் என்றும் சொல்லார். கேன்சர் என்றும் சொல்லார். 'அந்த வியாதி' என்று குரலைத் தாழ்த்துவர். நானும் அறுபது ஆண்டுக்காலம் அவ்வாறே குரல் தாழ்த்தியவன்தான். தாழ்த்திய குரலுக்கு நான் கொடுத்த விலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகின்றேன். மருத்துவத்தைப் பற்றி எழுத நான் மருத்துவன் அல்லேன். தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தின் முன் முப்பத்தைந்து ஆண்டு நின்றவன்.

இரவு முறை வேலையில் உறக்கம் வராமல் இருக்க வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் போடுவது எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் வழக்கம். என் தந்தையார் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து இந்நகருக்கு வந்தபோது அவர் மடியில் இருந்த பொருள்களுள் வெற்றிலைப் பையும் ஒன்று. அந்தப் பை எனக்கு வந்தது. விருந்துக்கு வந்தவர்க்குத் தாம்பூலம் கொடுக்காமல் அனுப்புவது நம் மரபன்று. ஆதலால் அதில் குற்றம் இருக்கும் என்று எவரும் நினைப்பதில்லை. பிரான்சு நாட்டின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. புகையிலை சேராவிட்டாலும் வெறும் கொட்டைப்பாக்கே அதற்குப் போதும் என்று 2004இல் வெளியிட்ட நூலில் எழுதிற்று. இவை எனக்கு நோய் வந்த பின்னர் நான் படித்தவை. நம் நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்னணியில் நிற்கின்றது என்பதையும் அதற்குப் பின்னரே அறிந்தேன். பேரறிஞர் அண்ணா 1969 பிப்ரவரி 3ஆம் நாள் உணவுக்குழாய்ப் புற்றுநோயால் மறைந்தபோது என் தந்தையார் தேம்பி அழுததை எனக்குச் சொல்லியிருக்கின்றார்கள். அழுதவர் அன்று மாலையும் வெற்றிலை போட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.

2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் இடக்கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெண்படலம் தோன்றியது. காரம் பட்டால் எரியும். நாவால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். வலி இல்லை. வலி இல்லாததே என்னை ஏமாற்றியது. மனைவி கேட்டபோது பல்வலி என்றேன். கிராம்பு எண்ணெய் வைத்தேன். திரிபலாச் சூரணத்தால் கொப்புளித்தேன். இரண்டு திங்களுக்குப் பிறகு ஒரு பல் மருத்துவரிடம் சென்றேன். அவர் பூசு மருந்து ஒன்று கொடுத்து, கூரிய பல் உரசியிருக்கும் என்றார். அவரைக் குறை கூற எனக்கு உரிமை பாதிதான் உண்டு. "புகையிலை போடுவதுண்டா?" என்று அவர் கேட்டார். "இல்லை" என்று சொன்னேன். அறுபது வயதில் ஒருவன் தன்னினும் இளையவரிடம் அப்படி ஏன் பொய் சொன்னான் என்று இன்று எண்ணிப் பார்த்தாலும் எனக்கு விளங்கவில்லை.

ஜூலையில் படலம் புண்ணாயிற்று. வாய் முன்போல் திறக்கவில்லை. சோற்றுக் கவளத்தைச் சிறிதாக்கி உண்பதை என் மகள்தான் முதலில் கவனித்தாள். அவளே என்னைக் கிட்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். ஆஸ்டின் டவுனிலிருந்து அது தொலைவன்று. நீலசந்திரா, ஆனேபாளையம் வழியாக ஓசூர்ச் சாலையைப் பிடித்தால் ஆட்டோவில் சிறிது நேரப் பயணம். நிமான்ஸ் மருத்துவமனைக்கு அருகில் இருக்கின்றது. இவ்வளவு அருகில் இருந்த வாயிலுக்குச் செல்ல எனக்கு ஐந்து திங்கள் பிடித்தது.

புண்ணிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள். என் தமக்கையார் ஊரிலிருந்து தொலைபேசியில் பதறினார்கள். "தம்பி, கத்தி மட்டும் படவிடாதே; பட்டால் உடம்பெல்லாம் பரவிவிடும்" என்றார்கள். நம் வீடுகளில் இந்த நம்பிக்கை மிகுதியாக இருக்கின்றது. நான் மருத்துவரிடமே கேட்டேன். நாள் கடந்து முற்றிய நிலையில் வருகின்றவர்கள் கத்தி பட்ட பின்னர் இறப்பதைக் கண்டு, கத்தியால்தான் இறந்தார்கள் என்று ஊரார் எண்ணிக்கொள்கின்றார்கள் என்று அவர் கன்னடத்தில் பொறுமையாக விளக்கினார். சோதனை முடிவு வந்தது. எனக்குத் தெரியக் கூடாது என்று மகளிடம் மட்டும் சொல்லச் செய்ய என் மனைவி முயன்றாள். மருத்துவர் இருவரையும் உட்காரவைத்து என்னிடமே சொல்லிவிட்டார். அவர் செய்தது நன்று.

அன்று இரவு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால்தான் மற்றவை விளங்கும். அப்போது மகளுக்குக் குடியாத்தத்தில் ஓர் இடம் ஏறத்தாழ முடிந்திருந்தது. ஆவணியில் நிச்சயதார்த்தம். "என்னங்க, ஆவணி கழியட்டும். அதுவரை யாருக்கும் தெரிய வேண்டாம். மருத்துவத்தையும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமே" என்றாள் மனைவி. ஆறு வாரந்தானே என்று எனக்கும் தோன்றியது. முன்பே ஐந்து திங்கள் ஒளித்தவனுக்கு ஆறு வாரம் ஒரு பொருட்டா? மகள் எழுந்து விளக்கைப் போட்டாள். "அப்பா, அவர்களிடம் நாளைக்கே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்" என்றாள். மறுநாள் காலையில் நானே பேசினேன். மறுமுனையில் நெடுநேரம் ஒலியே இல்லை. பிறகு, "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். ஒரு திங்கள் கழித்துத் தரகர் வந்தார். சாதகத்தை மீண்டும் பார்த்தார்களாம், பொருத்தம் குறைகின்றதாம்.

இதனைப் பின்னர் கூறவேண்டியிருக்கும் என்றாலும் இங்கேயே கூறிவிடுகின்றேன். அவளுக்கு இன்னும் மணம் ஆகவில்லை. அதற்காக வருந்துகின்றீர்களா என்று கேட்டால், ஆம் என்பேன். அன்று பேசியதற்காக வருந்துகின்றீர்களா என்றால், இல்லை என்பேன். இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருக்கின்றன.

ஆகஸ்டில் அறுவை நடந்தது. அது பற்றி மிகுதியாக எழுத ஒன்றுமில்லை, நான் உறங்கிக்கொண்டிருந்தேன். கன்னத்தின் உட்புறத்தையும் கழுத்தில் நெறிகட்டும் கணுக்களையும் எடுத்துவிட்டு, மார்பிலிருந்து தசையும் தோலும் கொணர்ந்து அவ்விடத்தை மூடினார்கள். மார்பின் தோல் அன்றோ? சில வாரங்களில் என் வாய்க்குள் முடி முளைத்தது. அதனை நாவால் உணர்ந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது; நோய் வந்தபின் முதன்முதல் சிரித்தது அதற்காகத்தான்.

அறுவையால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்கள் எஞ்சியிருக்கலாம் என்று கதிர்வீச்சு மருத்துவத்துக்கு எழுதினார்கள். ஞாயிறும் சனியும் நீங்கலாக நாள்தோறும் ஒரு முறை, மொத்தம் முப்பத்து மூன்று முறை. வாரம் ஒருநாள் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தைச் சிரை வழியாக ஏற்றினார்கள். அது சிறுநீரகத்தை வருத்தும் மருந்து. ஆதலால் முன்னும் பின்னும் உப்புநீர் ஏற்றுவார்கள், குருதியைச் சோதிப்பார்கள்.

தொடங்குமுன் பல் மருத்துவர் கெட்டுப்போன பற்களைப் பிடுங்கினார். கதிர் பட்ட தாடையெலும்பு பிறகு எளிதில் ஆறாது. அப்போது பல் பிடுங்குவது ஆபத்து என்றார். அடுத்து முகமூடி செய்தார்கள். துளைகள் நிறைந்த வெண்ணிறத் தகடு ஒன்றை வெந்நீரில் இட்டார்கள். அது ஆப்பம்போல் நெகிழ்ந்தது. மேசையில் என்னைப் படுக்கவைத்து, சுடச்சுட அதனை முகத்தின்மீது அழுத்தி ஓரங்களை மேசையோடு பிணைத்தார்கள். சில நிமிடங்களில் அது இறுகி என் மூக்கும் நெற்றியும் தாடையுமாக ஆயிற்று. நாள்தோறும் அதே இடத்தில் கதிர் படவேண்டும். மயிரிழை அசைந்தாலும் பிழை. ஆதலால் இந்தக் கட்டு. கடைசல் வேலை செய்தவனுக்கு இதன் நியாயம் உடனே புரிந்தது. பொருளை இறுகப் பற்றாமல் எந்தப் பட்டறையிலும் துல்லியமாகச் செதுக்க முடியாது.

அறைச் சுவரில் தட்டுத்தட்டாக அந்த முகமூடிகளை அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றின் மீதும் ஒட்டிய சீட்டில் பெயரும் எண்ணும். குழந்தையின் முகம் ஒன்றும் இருந்தது. மேசையில் படுத்தால் கதவை மூடிக்கொண்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். பொறி தலையைச் சுற்றி மெல்ல நகரும். வலி கிடையாது, சூடும் கிடையாது. நான் முகமூடிக்குள் கண்ணை மூடிக்கொண்டு, பட்டறையில் செய்த பாகங்களின் அளவுகளை வரிசையாக நினைத்துக்கொள்வேன். வேறு எதையும் நினைத்தால் மூச்சு முட்டுவதுபோல் இருந்தது.

வெளியே காத்திருக்கும் கூடத்தில்தான் எனக்கு உண்மையான மருத்துவம் நடந்தது என்று சொல்லலாம். கோலார், அனந்தப்பூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று நான்கு திசையிலிருந்தும் வந்திருப்பார்கள். ஒரே வரிசையில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் உருதுவும் கேட்கும். எல்லோருக்கும் வாய்ப்புண், ஆகவே எல்லோருடைய கன்னடமும் ஒன்றுபோல் குழறும்! அங்கே எவரும் குரலைத் தாழ்த்துவதில்லை. "உங்களுக்கு எத்தனையாவது?" என்பதுதான் வணக்கம். "பன்னிரண்டு." "எனக்கு இருபது. பதினைந்துக்குமேல் உப்பும் பிடிக்காது, சர்க்கரையும் பிடிக்காது, அஞ்சாதீர்." இவ்வாறு முன்னே சென்றவர் பின்னே வருபவருக்கு வழி சொல்வார். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் சிறிது உப்பும் சிறிது சமையல் சோடாவும் கலந்து நாளுக்குப் பலமுறை கொப்புளிக்க வேண்டும் என்று செவிலியர் சொன்னபோது நான் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிந்தாமணியிலிருந்து வந்த ஓர் அம்மையார் அதையே அதட்டிச் சொன்ன பிறகுதான் செய்தேன்.

அக்டோபர் 24ஆம் நாள் தீபாவளி. எனக்கு வாயெல்லாம் வெந்துபோகத் தொடங்கியிருந்தது. அதிரசத்தைத் தொட்டு நாவில் வைத்தேன், மண்ணாக இருந்தது. அடுத்த வாரங்களில் உமிழ்நீர் வற்றியது; கஞ்சியும் இறங்கவில்லை. அறுபத்தெட்டுக் கிலோ இருந்தவன் ஐம்பத்தாறுக்கு வந்தேன். மூக்கின் வழியாகக் குழாய் போட்டார்கள். மனைவி சத்துமாவுக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி, முட்டையின் வெள்ளைக்கருவும் பாலும் இளநீரும் மாற்றி மாற்றிச் செலுத்துவாள். மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும்தான். ஆவணி கழியட்டும் என்று கேட்டவளும் அவளே. நாற்பது இரவு உறங்காதவளும் அவளே. அவள் ஒருநாளும் என் எதிரில் அழவில்லை. குளிக்கும் அறையில் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு அழுவாள். நீர் வீணாவதைக் கண்டுதான் எனக்குத் தெரியும்.

அந்நாட்களில் உறவினர் ஒருவர் பார்க்க வந்தார். தேநீர் குடித்தார். புறப்படும்போது மனைவியைத் தனியே அழைத்து, "அவருடைய தம்ளரையும் தட்டையும் தனியே வையுங்கள்" என்று சொல்லிப்போனார். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் நோய் அன்று. தட்டாலும் தம்ளராலும் மூச்சாலும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வருவதில்லை. மனைவி இதனை அறிவாள். ஆயினும் அன்று மாலை அலமாரியில் என் தம்ளர் சிறிது தள்ளி இருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். எழுந்துபோய் அதனை மற்றவற்றோடு சேர்த்துவைத்தாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

எனக்கு அடுத்த எண்ணுக்குரியவர் கோலார்ப் பக்கத்து உழவர். தெலுங்கர், என்னினும் இளையவர். என் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. பத்தொன்பதாம் முறைக்குப் பிறகு, நவம்பர் தொடக்கத்தில், "இராகி அறுவடை வந்துவிட்டது, பத்து நாளில் வந்து மிச்சத்தை முடித்துக்கொள்கின்றேன்" என்றார். இடையில் விட்டால் எஞ்சிய உயிரணுக்கள் மீண்டும் பெருகும், முன்பு பட்ட பாடும் வீண் என்று மருத்துவர் சொல்லியும் கேட்கவில்லை. "வீட்டில் எவருக்கும் இது இன்ன நோய் என்று தெரியாது ஐயா, வாயில் அறுவை என்று மட்டும் சொல்லியிருக்கின்றேன், அறுவடைக்குப் போகாவிட்டால் சந்தேகப்படுவார்கள்" என்று என்னிடம் சொன்னார். அவர் திரும்பவில்லை. முகமூடி அடுக்கில் அவருடைய முகம் நான் முடித்து வெளிவந்த நாள்வரை இருந்தது.

இவ்வளவும் நடக்கும் கட்டடங்கள் எவ்வாறு எழுந்தன என்று அந்தக் கூடத்தில் உட்கார்ந்தபோதெல்லாம் நினைப்பேன். கிட்வாய் மருத்துவமனை 1973 ஜூனில் தொடங்கியது. மத்திய அமைச்சராக இருந்து 1954இல் மறைந்த இரஃபி அகமது கிட்வாயின் பெயர் தாங்கியது. அதற்கு முன்னரே சென்னை அடையாற்றில் 1954 ஜூனில் பன்னிரண்டு படுக்கைகளோடு ஒரு மருத்துவமனையைத் தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர்தம் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார்; முப்பது ஆண்டுக்காலம் அந்தத் துயரை அவர் மறக்கவில்லை. சாகப்போகும் நோயாளிக்கு மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்கள் அந்நாளில் பெரிய இடங்களிலேயே இருந்தார்கள். அவர்தம் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தார்கள். சாந்தா அம்மையார் 2021 ஜனவரியில் மறையும்வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். தங்கையின் நோயை அவர் மறைத்திருந்தால் அடையாற்றில் இன்று என்ன இருந்திருக்கும்?

நம்மவர்க்கு ஒன்று சொல்லவேண்டும். 2018 முதல் கர்நாடகத்தில் ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகா என்னும் திட்டம் வந்தது. வறுமைக்கோட்டுக் குடும்ப அட்டை உள்ளவர்க்கு அதனால் பெருஞ்செலவு குறைந்ததைக் கண்டேன். ஆனால் நம்மவருள் பலர் முப்பது ஆண்டு இங்கே வாழ்ந்தும் குடும்ப அட்டையை ஊரிலேயே வைத்திருக்கின்றனர். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அதற்கு ஒரு பிடிமானம் என்பர். நோய் வந்த பின்னர் காகிதங்களுக்காகத் திருப்பத்தூருக்கும் பெங்களூருக்குமாக அலைந்த ஒரு குடும்பத்தை அதே கூடத்தில் கண்டேன். அட்டை எங்கே இருக்கின்றது, அதில் எவர் பெயர் இருக்கின்றது என்று இந்த ஞாயிறன்றே எடுத்துப் பாருங்கள்.

நவம்பர் இறுதியில் முப்பத்து மூன்றாவது முறை முடிந்தது. முகமூடியை என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். மனைவி அதனை வீட்டுக்குள் கொண்டுவர ஒப்பவில்லை. மகள் பரண்மேல் வைத்திருக்கின்றாள். குழாயை எடுக்க மேலும் ஐந்து வாரமாயிற்று. முதலில் திரும்பிய சுவை புளிப்பு. பிப்ரவரியில் ஒருநாள் மோரில் உப்பு இருப்பது தெரிந்தது. சமையலறைக்குள் ஓடிச்சென்று சொன்னேன். காரம் இன்றுவரை ஆகாது. உமிழ்நீர் முழுதும் திரும்பவில்லை. செல்லுமிடமெல்லாம் தண்ணீர்க் குப்பி. இடக்கன்னத்தில் மீசைக்குக் கீழே முடி முளைப்பதில்லை. சவரத்துக்கு அரைக்கூலி கொடுத்தால் போதும் என்று முடிதிருத்துபவர் கேலி செய்வார். வாய் திறப்பதற்கு ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே செருகிப் பழகவேண்டும். எட்டுக் குச்சியில் தொடங்கினேன், பதினெட்டுக்கு வந்திருக்கின்றேன். சோம்பினால் இரண்டு குறைந்துவிடும்.

நோய் திரும்பாது என்று எவரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறை சோதனைக்குச் செல்லும் முன்னிரவிலும் நாவால் கன்னத்தைத் தடவிக்கொண்டே விழித்திருப்பேன். இதுவரை மருத்துவர் கையுறையைக் கழற்றிவிட்டு, "பரவாயில்லை, போய் வாருங்கள்" என்று சொல்லியிருக்கின்றார்.

கட்டுரை எழுதலாமா என்று வீட்டில் கேட்டேன். மனைவி நெடுநேரம் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். "எழுதுங்கள்; ஆனால் நான் ஆவணிவரை பொறுக்கச் சொன்னதையும் எழுதுங்கள்" என்றாள். எழுதிவிட்டேன்.

அடுத்த சோதனை வருகின்ற திங்களின் இரண்டாம் புதன்கிழமை. காலை ஏழு மணிக்கு ஆட்டோவில் புறப்படுவேன். வாயில் ஆறாத புண்ணோ படலமோ கட்டியோ இருந்து, தனியே செல்லத் தயங்கும் அன்பர் எவரேனும் ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, விவேக்நகர்ப் பக்கங்களில் இருந்தால், சங்க அலுவலகத்தில் சொல்லிவைக்கட்டும். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோவில் இருவருக்கு இடம் இருக்கின்றது.